டிரைவர் போட்ட மாத்திரை

“ஆமா சார், மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வண்டி எடுத்தேன்.”

டிரைவர் சொன்னதும் கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பொய் சார்!” என்று எழுந்தே விட்டார். “பதினோரு வருஷமா இவர்கூட ஓடறேன். மரமெல்லாம் பூத்துட்டா இவருக்கு மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பிச்சிடும். மகரந்தம் ஒத்துக்காது. முகத்துல ஈரத்துணி, கண்ணுக்குக் கண்ணாடி, டிரிப்புக்கு டிரிப் முகம் கழுவறது... அந்த வேக்காட்டுலயும் ஜன்னலைத் திறக்க மாட்டார். மாத்திரையை மட்டும் தொட மாட்டார். தூக்கம் வரும்னு பயம்.”

“ரத்தத்துல இருக்கேய்யா!” டெப்போ மேனேஜர் மேஜைமேல் இருந்த காகிதத்தைத் தட்டினார்.

கண்டக்டர் அதை எடுத்துப் படித்தார். அன்றைக்கு வளைவில் பஸ் திரும்பவே இல்லை. நேரே போய்ச் சுவரில் மோதியது. ஒன்பது பேருக்குக் காயம். காய்கறிக்காரி ஒருத்திக்குக் கால் போயிற்று.

“இத்தனை வருஷம் இல்லாம அன்னிக்கு ஏன்யா போட்டே?” மேனேஜர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

“தும்மல் தாங்கல சார்.” டிரைவர் நிமிரவே இல்லை. “எங்க கையெழுத்துப் போடணும்?”

வேலை போயிற்று. வழக்கு வேறு காத்திருந்தது.

கண்டக்டர்தான் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பூ கொட்டிக் கிடந்தது. மனசு ஆறவில்லை.

“அத்தனை பேர் உசுரு நம்ம கையிலன்னு வாய் ஓயாம சொல்வீங்களேண்ணே! என்கிட்டகூட மறைச்சிட்டீங்களே!”

பின்னாலிருந்து தும்மல்தான் வந்தது.

வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். “என்னங்க ஆச்சு?”

“மாத்திரை போட்டேன்னு ஒத்துக்கிட்டேன். வேலை போச்சு.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க எங்கங்க போட்டீங்க? தும்மித் தும்மி நெஞ்சு நோகுதேன்னு ஃபிளாஸ்க் டீயில பொடிச்சுக் கலந்தது நான்தானே! தூக்கம் வரும்னு ஒரு நாள்கூட என்கிட்ட சொன்னதில்லையேங்க...”

ஸ்டாண்ட் போடப் போன கண்டக்டரின் கால் அப்படியே நின்றது.

“மெதுவாப் பேசு,” என்றார் டிரைவர். “போலீஸ் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஃபிளாஸ்க்கைத் தேய்ச்சுக் கழுவினவன் நான்தான்.”