பெயர் என்ன?

இர்பித் நகரத்துப் பெண்கள் பள்ளி அலுவலக வாசலில் உம்மு குஸை தயங்கி நின்றாள். சிரியாக்காரி; போருக்குத் தப்பி இந்தப் பக்கத்து நாட்டுக்கு வந்தவள். போன வருஷம் இதே வாசலில்தான் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

"இப்பவும் குடியிருப்பு அட்டை இல்லீங்க, டீச்சரம்மா."

"அட்டை இல்லாட்டியும் சேத்துக்கச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. உள்ள வாம்மா," என்றார் தலைமையாசிரியை ருதைனா. "எதுவரைக்கும் படிப்பு?"

"ஆறாவது. அப்புறம் சண்டை வந்துடுச்சு."

"கணக்கு வருமா?"

"எந்தக் கடைக்காரனும் ஏமாத்த முடியாதுங்க."

"வாய் ஜாஸ்தியோ?"

"வீட்டுல அப்படித்தான் சொல்றாங்க."

ருதைனா சிரித்தபடி பேனாவைத் திறந்தார். "பேரு?"

"உம்மு குஸை."

"நீ குஸையோட அம்மான்னு ஊருக்கே தெரியும். படிக்கப்போற பொண்ணு பேரைச் சொல்லும்மா."

அவள் முகம் சிவந்தது. "நான்தாங்க அது. சாயங்காலம் பெரியவங்களுக்கு நடத்துறீங்களே, அந்த வகுப்புக்கு."

பேனா நின்றது. "அப்ப உன் சொந்தப் பேரு?"

அவள் யோசித்தாள். மகன் பிறந்த பிறகு யாருமே அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஹனாதி."

மறுநாள் மாலை வகுப்பில் ருதைனா வருகைப் பதிவு எடுத்தார். "ஹனாதி!"

ருதைனா தலைநிமிர்ந்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"ஹனாதி வரலையா?"

"வந்திருக்கேன் டீச்சரம்மா," கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்களேன்."