எட்டுப் பாகம் ஆழம்

"அப்பா, எத்தினை வருசம் கடலுக்கை சுழியோடினனீங்களெண்டு டொக்டர் கேக்கிறார்."

லவினியா டொக்டரின் ஜேர்மன் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். செல்வரட்ணம் சட்டையைக் கழற்றிவிட்டுப் பரிசோதனைக் கட்டிலில் குந்தியிருந்தார். இந்த டொக்டர் கையெழுத்துப் போட்டால்தான் எகிப்தில் அவரைக் கடலுக்கடியில் இறக்குவார்களாம்.

"ஆறு வருசமெண்டு சொல்லு பிள்ளை," என்றார். பாழாய்ப்போன நாக்கு அதோடு நிற்கவில்லை. "எட்டுப் பாகம் ஆழம். ஒரு மூச்சிலை நாலு சங்கு."

அவள் ஜேர்மனில் இரண்டே சொல்லில் ஏதோ சொன்னாள். டொக்டர் தலையாட்டினார்.

செல்வரட்ணத்துக்குக் காது மடல்வரை சுட்டது. ஆறு வருசமும் இல்லை, ஒரு மூச்சும் இல்லை. மன்னாரில் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் கூட்டுறவுக் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுத்தவர் அவர். கடல் அவருடைய முழங்காலுக்கு மேல் ஏறியதே கிடையாது. நீந்தக்கூடத் தெரியாது.

லவினியாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தொடங்கிய பொய் இது. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். ஓட்டலில் கோப்பை கழுவுகிறார் என்றாளாம். பக்கத்தில் இருந்தவன் சிரித்தானாம். அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளையிடம், "என்ரை அப்பா ஊரிலை கடலுக்கடியிலை சங்கெடுத்தவர் எண்டு போய்ச் சொல்லு," என்றுவிட்டார். மறுநாள் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எந்த வாயால் மறுப்பது? வருடத்துக்கு வருடம் ஆழம் கூடிக்கொண்டே போனது. மூன்று பாகம், அதாவது மூன்று ஆள் ஆழம், ஐந்தாகி, ஐந்து எட்டாகிவிட்டது. மனைவி பற்றிமாவுக்கு உண்மை தெரியும். அவள் வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய புண்ணியம்.

இப்போது அந்தப் பிள்ளை படித்து முடித்து, முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பரிசு வாங்கியிருக்கிறது. எகிப்தில், செங்கடல் ஓரத்து ஹுர்காடாவுக்கு ஒரு விடுமுறைப் பயணம். விளம்பரத் தாளில் ஒரு பக்கம் மொட்டைப் பாலைவனம், மறுபக்கம் நீலக்கடல். ஒட்டகச் சவாரி, பழைய கோயில்கள் பார்க்க பஸ் பயணம், அதோடு மூன்று நாள் சுழியோட்டம்.

"கடலை விட்டிட்டு வந்திட்டனெண்டு எப்பவும் கவலைப்படுறனீங்கள்தானே. நீங்கள் முன்னாலை இறங்குங்கோ அப்பா, நான் பின்னாலை வாறன்," என்று சொல்லி அந்தத் தாளை அவர் கையில் வைத்தாள். அன்றைக்கே மன்னாருக்கு ரெலிபோன் எடுத்து, பென்ஜமின் சித்தப்பாவிடமும் பெருமையாகச் சொன்னாள். சமாதானம் வந்த பிறகு ஊருக்கு லைன் கிடைப்பது லேசாகிவிட்டது. ஒரு மணித்தியாலம் கதைத்தவள், சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குத்தான் நித்திரை இல்லை. அவர்கள் இருந்த டோர்ட்மண்ட் நகரத்து நீச்சல் குளத்துக்குக் களவாக மூன்று தரம் போனார். நாலு வயதுக் குஞ்சுகுருமானெல்லாம் தொம் தொம் என்று குதித்தன. அவர் சின்னப்பிள்ளைகளுக்கான முழங்காலளவு தண்ணீரில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வெட்கம் பிடுங்கித் தின்னத் திரும்பி வந்தார். நாற்பத்தொன்பது வயது மனிதன், பெற்ற பிள்ளையின் முகத்துக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்.

"அப்பா, நான் முன்னுக்கு இன்சூரன்ஸ் கார்ட்டைக் குடுத்திட்டு வாறன். சட்டையைப் போடுங்கோ," என்று லவினியா வெளியே போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், செல்வரட்ணம் கட்டிலை விட்டு இறங்கி டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடமாகச் சேர்த்துவைத்த உடைந்த ஜேர்மனை ஒரே மூச்சில் கொட்டினார்.

"டொக்டர், தயவு. நான் நீந்தத் தெரியாது. ஒருநாளும் தெரியாது. மகளுக்கு எல்லாம் பொய் சொன்னது. நீங்கள் எழுதுங்கோ, காது பழுது. மகள் தெரிய வேண்டாம்."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"காதா?"

"ஓம். காது."

"சரி. காதாகவே இருக்கட்டும்." அவருடைய வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "இருங்கள், முத்திரையை எடுத்துக்கொண்டு வருகிறேன்."

டொக்டர் பக்கத்து அறைக்குள் போனார். அப்பாடா என்று செல்வரட்ணம் மூச்சை விட்டார். பிள்ளை இனிக் கவலைப்படும், ஆனால் கேவலமாகப் பார்க்காது. அது போதும். சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானைப் பூட்டும்போது, மேசையில் விரித்தபடி கிடந்த தன் ஃபைல் கண்ணில் பட்டது.

உள்ளே ஒரு சிறிய தாள் குத்தியிருந்தது. போன செவ்வாய்க்கிழமைத் தேதி. உருண்டை உருண்டையான எழுத்து. பத்து வயதிலிருந்து மகள் அவருடைய விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பித் தந்த எழுத்து. குனிந்து, ஜேர்மனை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

'டொக்டர், என் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது என்று சித்தப்பா சொல்லித்தான் அறிந்தேன். தயவுசெய்து காதில் பழுது என்று எழுதிவிடுங்கள், எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.'