வழியில் ஜிவெர்னி

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, வடக்குக் கடற்கரை வரை பேனாவால் கோடு இழுத்தாள் சொலாஞ். "போற வழியில ஜிவெர்னித் தோட்டத்தையும் பாத்துட்டுப் போலாம்."

"வேண்டாம். கூட்டம் நெரியும்," என்றார் அவள் கணவர் அர்மோன்.

"காலையில முத ஆளாப் போயிடலாம்."

"மழை பெய்யும்."

"குடை இருக்கு. ஊரு உலகமே வந்து பாக்குது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் வண்டி ஓட்டுவது சொலாஞ். மூன்றாம் நாள் காலை இருவரும் அந்தத் தோட்டத்துக்குள் நின்றார்கள். வளைவுகளில் ரோஜாக்கள் பொங்கி வழிந்தன. அர்மோன் மெல்லக் குனிந்து ஒரு செடியின் அடிமண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"ஐயா, செடியைத் தொடக் கூடாது!" காவலுக்கு நின்ற இளம்பெண் ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்று சிரித்தாள் சொலாஞ். "முப்பது வருஷம் இவர் இங்கதான் தோட்டக்காரர். போன வருஷம் ஓய்வு வாங்கிட்டுத் தெற்கே போயிட்டோம். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீ இல்லாம எல்லாம் பாழாப் போயிருக்கும்னு பயந்துதானே வரமாட்டேன்னு அடம் பிடிச்சே?"

"ஆமா."

"இப்ப என்ன சொல்றே?"

அர்மோன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதைவிட மோசம், சொலாஞ். நான் இருந்தப்பவிட நல்லா இருக்கு!"