வாசல் வரை கார்

"வட்டக்கானல் விடுதிங்களா? கார் வாசல் வரைக்கும் வருமா?"

"வரும் மேடம்."

"அம்மாவுக்கு முட்டி வலி. படி இருந்தா சொல்லிருங்க."

"ஒரு படிகூட இல்ல மேடம்."

"ரூம்ல ஏசி?"

"எல்லா ரூம்லயும் இருக்கு."

"நீங்க எங்க இருந்து பேசறீங்க?"

"வட்டக்கானல் ரிசப்ஷன்ல இருந்துதான் மேடம்."

விருந்தாளி போலக் கேட்ட சௌம்யா ஸ்பீக்கர் போனை அணைத்தாள். அந்த ரிசப்ஷனில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமாக அங்கே போன் எடுத்த அவளை இன்றோடு நிறுத்தி, அந்த வேலையைச் சென்னை கம்பெனியிடம் கொடுத்துவிட்ட முதலாளி ஞானவேல் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரோட்டுல இருந்து நூத்திப்பத்து படிங்க" என்றாள். "இந்தக் குளிர்ல ஏசிய யாருங்க கண்டா?"

ஞானவேல் தொண்டையைச் செருமினார். "சரித்தா. நாளைக்கு வெள்ளனே சோலிக்கு வந்துரு."

"நான் மட்டும் வரமாட்டேங்க. துணி துவைச்ச மணிமேகலை அக்காவும் வரணும். அவங்கள நிறுத்திட்டு மதுரைக்கு வெளுக்க அனுப்பின போர்வை இன்னும் மலையேறல. வந்தவங்க குளிர்ல நடுங்கிக் கெடக்காங்க."

"அத அப்புறம் பாப்போம்."

"அப்ப நானும் அப்புறம் வாரேங்க."

பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஏத்தா, நில்லு! அவ நம்பரையாச்சும் குடு, பேசுறேன்."

சௌம்யா திரும்பினாள்.

"போன்ல வேணாங்க. வீடு நாயுடுபுரத்துலதான். நீங்களே போய்க் கூப்பிடுங்க."