சிவப்புச் சாம்பல்

“இதை எழுதின ஆளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?” என்று பேராசிரியை ஆய்வுக் கட்டுரையைத் தூக்கி எறிந்தார். “மருந்து ஒட்டுற மாதிரி பக்குவம் பண்ணின நானோ கரிக்குழாயாம். தொண்ணூத்தொன்பது சதவீதம் சுத்தமாம்!”

உதவிப் பேராசிரியர் தாள்களைப் பொறுக்கினார். “லேசர் சோதனையில சுத்தம்னுதானே வந்திருக்கு மேடம்?”

“லேசர் கரியைத்தான் பாக்கும். குழாயை வளர்க்கச் சேர்த்த இரும்பு உள்ளேயே ஒளிஞ்சிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்? எரிச்சுப் பாத்திருக்கணும். நான் எரிச்சேன். கரியெல்லாம் காத்தோட போச்சு. மிச்சத்தைப் பாருங்க!”

சிறு கிண்ணத்தின் அடியில் செங்கல் நிறத்தில் சாம்பல் கிடந்தது. எடை போட்டுக் கணக்கிட்டதில், எரித்த கரிக்குழாயில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இரும்பு.

“அஞ்சு வருஷத்துக் கதை மேடம். விருதுகூட வாங்கியாச்சு. எழுதினவங்க பேரு நாறிடும். விட்டுடுங்களேன்.”

“இதை நம்பி ஒரு மருந்துக் கம்பெனி நோயாளி உடம்புல ஏத்தப் போகுது. உங்களுக்குப் பேரு பெரிசாப் போச்சா?”

அவர் எவ்வளவு கெஞ்சியும் பேராசிரியை கேட்கவில்லை. சோதனை முடிவுகளை இணைத்து, கட்டுரையை நீக்கும்படி அதை வெளியிட்ட ஆய்விதழுக்குப் புகார் அனுப்பினார். அரை மணி நேரத்தில் இதழாசிரியர் போனில் வந்தார்.

“படிவத்துல ஒரு குழப்பம் மேடம். புகார் கொடுத்தவர், கட்டுரை எழுதினவர், ரெண்டு இடத்துலயும் ஒரே பேரு இருக்கே. தெரியாமப் போட்டுட்டீங்களா?”

“தெரிஞ்சுதாங்க போட்டேன். ரெண்டும் நான்தான்” என்றார் பேராசிரியை, கோபம் கொஞ்சமும் தணியாமல். “முதல்ல அந்தக் கம்பெனிக்குச் சொல்லுங்க.”