ஸ்கூட்டர் பழக்கம்

“பூஜை போடப் போறோம், ஷூவைக் கழட்டிட்டு வாப்பா” என்று ராஜசேகரன் கூப்பிட்டும் ஜஸ்டின் அசையவில்லை. மற்றவர்கள் வெறுங்காலோடு நிற்க, அவன் மட்டும் ஷூவும் ஹெல்மெட்டுமாகத் தள்ளியே நின்றான்.

“சர்ச்சுக்குப் போறவன் சார், உடுங்க” என்றான் தமிழரசு. மாவுக்கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி, பறக்கும் பலகைக்கு முன்னால் சூடம் ஏற்றினான்.

ராஜசேகரனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஷெட் பிடித்து இந்தப் பலகையைச் செய்தவர் அவர்தான். ஒவ்வொரு தோல்வியாகப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போயிருந்தது. வெள்ளானூர் மைதானத்தில் இன்றும் கவிழ்ந்தால் ஷெட்டுக்குப் பூட்டுதான். அதைச் சொல்லத்தான் முதலீட்டுக் கம்பெனியிலிருந்து தேவிப்பிரியா வந்திருந்தாள்.

நாலு பேட்டரி விசிறி வைத்த பலகை அது. கைப்பிடி கிடையாது, பொத்தான் கிடையாது. மேலே நிற்பவரின் உடம்பு சாய்ந்த பக்கம் போகும், நிமிர்ந்தால் நிற்கும். குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும்.

வினை என்னவோ நிறுத்தும்போதுதான். சிக்னலில் வண்டியை நிறுத்திப் பழகிய ஊர் இது. நிற்க வேண்டும் என்று நினைத்ததுமே இடது கால் தானாகத் தரையைத் தேடி இறங்கிவிடும்; ஆகாயத்தில் தரைக்கு எங்கே போவது? பலகை கவிழும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால், நம் ஆட்களுக்கு ஸ்கூட்டர் பழக்கம் ஆகாயம் மட்டும். தமிழரசுவின் கை முறிந்ததும் அப்படித்தான்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஜஸ்டின் பலகையில் ஏறி நின்றான். விசிறிகள் இரைந்தன. ஆள் உயரத்துக்கு எழும்பி, முன்னால் சாய்ந்து, மைதானத்தைச் சுற்றி வந்தான்.

“நிறுத்துப்பா!” என்று கத்தினார் ராஜசேகரன்.

ஜஸ்டின் நிமிர்ந்தான். பலகை அந்தரத்தில் அப்படியே நின்றது. இரண்டு காலும் பலகையை விட்டு நகரவே இல்லை. மறுபடி சுற்றினான், மறுபடி நின்றான்.

“எத்தனை நாள்ல கத்துக்கிட்டார்?” என்று கேட்டாள் தேவிப்பிரியா.

“ஒரே நாள்.”

“அப்ப யார் வேணா கத்துக்கலாம்! ஷெட்டை மூட வேணாம் சார். அடுத்த மாசம் சாதாரண ஜனங்களையே ஏத்திப் பறக்கவிட்டுக் காட்டுங்க” என்று கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினாள்.

சந்தோஷம் பொங்கும் என்று ராஜசேகரன் காத்திருந்தார். பொங்கவில்லை. பல் பிடுங்கிய பிறகு ஈறு கிடப்பதுபோல உள்ளே எல்லாம் மரத்தே கிடந்தது.

தரையிறங்கிய ஜஸ்டினிடம் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்க எல்லாருமே லெப்ட் காலை ஊனி விழுந்தோம். நீ மட்டும் எப்படிப்பா ஊனல? அந்தச் சூட்சுமத்தைச் சொல்லு, ஜனங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்துடலாம்.”

ஜஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். முகத்தில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“ஊன்றதுக்கு லெப்ட் காலு ஏது சார், ஷூவுக்குள்ள இருக்கிறது கட்டைக்காலு. நெஜக் காலு நசரத்பேட்டை சிக்னல்ல லாரிக்கு அடியிலயே போயிடுச்சி.”