முழு வருகை

"தும்மினா லீவு, இருமினா லீவு! இது என்ன வகுப்பா, சத்திரமா?"

தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டை மேசைமேல் அறைந்ததில் சாக்பீஸ் தூள் பறந்தது. அவர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பள்ளியே கப்சிப்.

"மேடம், அது வந்து..." என்று வகுப்பாசிரியை இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. செல்லம் குடுத்துக் கெடுத்ததே நீங்கதான்! டேய் கோல்கீப்பர், இறுதி ஆட்டத்தன்னைக்கு எங்க போன?"

நெட்டை எழுந்து நின்றான். "வீட்டுல இருந்தேன் மேடம். மூக்கு ஒழுகுச்சு."

"மூக்கு ஒழுகினதுக்கா கோப்பையைக் கோட்டை விட்ட?"

நெட்டை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பாவம், வருஷம் முழுக்கக் கனவு கண்ட ஆட்டம் அது.

"அடுத்த வாரம் சுற்றுலா உங்க வகுப்புக்குக் கிடையாது. லீவு போட்டே பழகினவங்களுக்கு வீடே போதும்!"

முகங்கள் வாடின. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைமை ஆசிரியைக்கு அதுதான் இன்னும் எரிச்சல். பதிவேட்டை விறுவிறுவென்று புரட்டியவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒரே ஒருத்தி! ஒரு நாள்கூட லீவு இல்ல. யாரும்மா அது?"

ஜன்னலோரத்திலிருந்து சிட்டு எழுந்தாள். பெயருக்கேற்ற பொடிசு.

"முழு வருகைப் பரிசு உனக்குத்தான் கண்ணு. நாற்பது பேர்ல ஒருத்தி! மத்த முப்பத்தொன்பது பேரும் இவளைப் பாத்துக் கத்துக்கோங்க!"

"பரிசை அவங்களுக்குக் குடுங்க மேடம்."

"சிட்டு, சொல்லாதே!" என்று நெட்டை பதறினான்.

"சொல்லத்தான் போறேன். யாரும் என்னைப் பாவம் பாக்கக் கூடாதுன்னு இவங்ககிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான்." சிட்டு தலையை நிமிர்த்திக்கொண்டாள். "எனக்கு லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய் மேடம். என் உடம்பு என்னையே தாக்கும். அதை அடக்குற மருந்து, கிருமியை எதிர்க்கிற சக்தியையும் அடக்கிடும். இவங்களுக்கு மூணு நாள்ல போற சளி, எனக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. போன வருஷம் நான் பள்ளிக்கூடம் வந்ததே பதினோரு நாள்தான். இந்த வருஷம் தும்மல் வந்தவங்க எல்லாரும் வீட்டுலயே இருந்துட்டாங்க. அதனாலதான் நான் தினமும் வந்தேன்."

தலைமை ஆசிரியை பதிவேட்டை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுற்றுலாவுக்கு... எல்லாரும் போறீங்க" என்றபடி மூக்கை உறிஞ்சினார்.

அவ்வளவுதான். முப்பத்தொன்பது விரல்களும் வாசலைக் காட்டின.

"மேடம், நீங்க லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க!"